கம்பிக்கும் கொடிமரத்துக்கும் இடைப்பட்ட தூரம்

கொடிமரத்துக்கான இரும்புக் குழாயை வெள்ளிக்கிழமை பின்னேரம் லாண்ட்மாஸ்டர் உழவு மெசினில் கொண்டுவந்தார்கள். அதன் பின்பெட்டிக்கு வெளியே பாதிக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த குழாய் எங்கள் வாசல் படலையைக் கடக்கும்போது மேலும் கீழும் ஆடியது. நான் தையல் மெசினில் இருந்தேன். கோவில் திருவிழாத் தோரணத்துக்கு முக்கோணக் கொடிகள் வெட்டித் தைக்கிற வேலை என்னுடையது. குழாயைக் கண்டதும் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டேன். இவ்வளவு நீளமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

நாரந்தனையிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கினால் வருகிற சின்ன ஊர் எங்களுடையது. நாற்பது வீடுகள்கூட இல்லை. எல்லாரும் கடற்றொழில், எல்லாரும் ஒரே கத்தோலிக்கக் கோவில். அந்தக் கோவில் மேற்கே கடலைப் பார்த்து நிற்கிறது. அதன் கிழக்குப் பக்கமாகத் தெரு போகிறது, பக்கவாட்டு முற்றம் கடலிலிருந்து தெரு வரைக்கும் திறந்து கிடக்கிறது. பழைய கொடிமரம் மரத்தாலானது. போன மாரியில் அடி உக்கிச் சாய்ந்துவிட்டது. இந்த முறை உப்புக்காற்றுக்கு நின்றுபிடிக்கிற மாதிரி இரும்பில் செய்வோம் என்று கோவில் சபை முடிவெடுத்தது. என் கணவரும் சபையில் ஒருவர்.

அவர் சாப்பிட வந்தபோது கேட்டேன்.

“எத்தினை அடி?”

“முப்பத்தாறு. உச்சியில ஒரு சிலுவை. அது ரெண்டடி.”

“எங்க நடப்போறியள்?”

“கோவில் முற்றத்தில, தெருப் பக்கமாய். பஸ்ஸில போறவைக்கும் தெரியவேணும் எண்டு சம்மாட்டியார் சொன்னவர். கிடங்கும் வெட்டியாச்சு. கல்லு, கல்லு. ரெண்டு நாள் பிடிச்சது.”

“தெருப் பக்கத்தில பெரிய கரண்ட் கம்பி போகுதெல்லே.”

அவர் சோற்றைப் பிசைந்தபடி சிரித்தார். “தொடங்கியாச்சு.”

எனக்குக் கரண்டுக்குப் பயம் என்பது ஊரறிந்த விஷயம். ஈரக்கையோடு சுவிட்சைத் தொடமாட்டேன். மழை தொடங்கினால் எல்லா பிளக்கையும் கழற்றி வைப்பேன். மெசினுக்கு மோட்டர் பூட்டித் தருகிறேன் என்று அவர் எத்தனையோ தரம் சொல்லியும், இன்றைக்கும் காலால் மிதித்துத்தான் தைக்கிறேன். இதையெல்லாம் சொல்லிச் சொல்லி அவருடைய சகோதரிகள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன். காரணத்தை விளக்கப்போனால் சிரிக்க முடியாது.

அது நடந்தபோது எனக்குப் பதினொரு வயது, அண்ணைக்குப் பதினைந்து. முருங்கை மரத்தில் உயரக் கொப்பில் காய்கள் தொங்கின. கொக்கத்தடி எட்டவில்லை. அவர் எங்கேயோ கிடந்த அலுமினியக் குழாயின் நுனியில் கொக்கியைக் கட்டினார். நான் கீழே ஓலைக் கடகத்தோடு நின்றேன். “அண்ணை, கம்பி கிட்ட இருக்கு” என்றேன். அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, “அது தூரம்” என்றார். அவ்வளவுதான். பிறகு ஒரு சத்தம், தடித்த துணியைக் கிழிப்பது போல. அவர் தப்பிவிட்டார். வலது கையில் இரண்டு விரல்களும் இடது காலில் மூன்று விரல்களும் போய்விட்டன. இப்போது வெளிநாட்டில் பிள்ளை குட்டியோடு நன்றாக இருக்கிறார், அந்தக் கதையை ஒரு பகிடி போலச் சிரித்தபடியும் சொல்லுவார். எனக்கு அது இன்றுவரை பகிடியாகவில்லை. கண்ணால் பார்த்து ‘தூரம்’ என்று யாராவது சொன்னால் என் கை அளவு நாடாவைத் தேடும்.

சனிக்கிழமை காலை, கணவர் இரவுத் தொழில் முடித்துக் கடலால் வந்து படுத்த பிறகு, அளவு நாடாவையும் ஒரு காட்போட் மட்டையையும் எடுத்துக்கொண்டு கோவிலுக்குப் போனேன். முற்றத்தில் யாரும் இல்லை. குழாய் மண்ணில் நீட்டுக்குக் கிடந்தது. அதன் ஒரு நுனியில் சிலுவையை ஏற்கெனவே உருக்கி ஒட்டியிருந்தார்கள். பக்கத்தில் கிடங்கு, நாலடி ஆழம், அதைச் சுற்றி வெள்ளைக் கல்லுச் சல்லி.

முதலில் கிடங்கிலிருந்து தெருக்கரைக்கு அளந்தேன். மூன்று கம்பிகளில் எங்களுக்குக் கிட்டவான கம்பி தெருவின் ஓரத்துக்கு நேர் மேலே போனது. என்னுடைய நாடா ஐந்தடிதான். மண்ணில் கோடு கீறிக் கீறி அளந்தேன். நாலு நாடாவும் இன்னும் நாலடியும். இருபத்திநாலு.

கம்பியின் உயரத்தைத் தொட்டு அளக்க ஏலாது. ஆனால் துணியைச் சதுரமாக வெட்டி மூலைக்கு மூலை மடித்தால் சரி பாதிச் சரிவு, நாற்பத்தைந்து பாகை, வருமென்று தையல்காரிக்குத் தெரியும். மட்டையைச் சதுரமாக வெட்டி அப்படியே மடித்தேன். நூலில் ஒரு பொத்தானைக் கட்டித் தொங்கவிட்டு, மட்டையின் ஒரு பக்கம் அந்த நூலோடு நேராக நிற்கும்படி கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தேன். சரிவான விளிம்பு வழியே பார்த்தபடி, கம்பிக்கு நேர் கீழிருந்து பின்னால் பின்னால் நடந்தேன். விளிம்பின் நுனியில் கம்பி வந்து நின்ற இடத்தில் நானும் நின்றேன். அந்த இடம் வரைக்கும் எத்தனை அடி நடந்தேனோ, அத்தனை அடி என் கண்ணுக்கு மேலே கம்பி இருக்கிறது. இருபத்தொரு அடி. என் கண் நிலத்திலிருந்து ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. ஆக, இருபத்தாறு என்று வைத்துக்கொண்டேன்.

மூன்று தரம் செய்தேன். காற்றில் பொத்தான் ஆடியதால் ஒரு தரம் இருபத்தைந்து வந்தது. ஒரு தரம் இருபத்தாறரை.

பைதகரசின் தேற்றத்தைப் பள்ளிக்கூடத்தில் படித்ததற்குப் பிறகு நான் மறக்கவில்லை. அதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை, தேவைப்பட்டுக்கொண்டே இருந்தது. வெட்டு மேசைக்குக் கால் பூட்டும்போது மூலை சரியா என்று பார்ப்பதற்கு மூன்றடி, நாலடி, குறுக்கே ஐந்தடி. வலை வைக்கிற கொட்டிலுக்குச் சரிவாகப் படங்குத் துணி போடும்போது எவ்வளவு வெட்டவேண்டும் என்பதற்கும் அதே கணக்கு. செங்கோண முக்கோணியின் இரண்டு பக்கங்களையும் தனித்தனியே தன்னால் பெருக்கிக் கூட்டினால், எதிரே சரிவாகப் போகிற செம்பக்கத்தைத் தன்னால் பெருக்கியது வரும். கிடங்கிலிருந்து தெருக்கரைக்கு ஒரு பக்கம். தெருக்கரையிலிருந்து மேலே கம்பிக்கு மற்றப் பக்கம். கிடங்கிலிருந்து கம்பிக்கு நேராகப் போகிற சரிவுதான் எனக்கு வேண்டிய செம்பக்கம்.

கோவில் படியில் குந்தி, துணியில் கோடு போடுகிற வெண்கட்டியால் சீமெந்தில் எழுதினேன். இருபத்திநாலை இருபத்திநாலால் பெருக்க ஐந்நூற்று எழுபத்தாறு. இருபத்தாறை இருபத்தாறால் பெருக்க அறுநூற்று எழுபத்தாறு. கூட்டினால் ஆயிரத்து இருநூற்று ஐம்பத்திரண்டு. முப்பத்தைந்தைத் தன்னால் பெருக்கினால் ஆயிரத்து இருநூற்று இருபத்தைந்து. முப்பத்தாறைப் பெருக்கினால் அதைத் தாண்டிவிடும்.

முப்பத்தைந்தடியும் கொஞ்சமும்.

கொடிமரம் சிலுவையோடு முப்பத்தெட்டு.

நட்டு முடிந்தால் பயமில்லை. நாலடி கிடங்குக்குள் போய்விடும், மிச்சம் முப்பத்திநாலுதான். ஆனால் நிமிர்த்தும்போது, அடி கிடங்குக்குள் இறங்க முன்னம், கிடங்கின் விளிம்பில் அது முழு நீளத்தோடு நிற்கும். அந்த நேரம் தெருப் பக்கம் சாய்ந்தால் சிலுவை கம்பியில் முட்டும். இரும்பையும் கயிற்றையும் பிடித்துக்கொண்டு இருபது பேர் நிற்பார்கள். அந்த இருபது பேரில் எவர் எவர் என்று எனக்கு ஒவ்வொரு முகமாகத் தெரியும்.

வீட்டுக்கு ஓடினேன். கணவரைத் தட்டி எழுப்பினேன்.

“இஞ்சாருங்கோ, அந்தக் கொடிமரம் கம்பியில முட்டும்.”

“ஆர் சொன்னது?”

“அளந்து பார்த்தனான்.”

அவர் எழும்பியிருந்து முகத்தைத் துடைத்தார். “கம்பி எங்க, கொடிமரம் எங்க. நடுவில ஒரு வள்ளம் விடலாம். நீ கரண்டுக்குப் பயந்தனீ, அதுதான்.”

“பயம்தான். ஆனா கணக்கும் அதைத்தான் சொல்லுது.”

“ஆம்பிளையள் இருபது பேர் நிக்கிறம், கயிறு நாலு பக்கமும் கட்டுறம். ஏன் விழுது?”

ஏன் விழும் என்று எனக்குத் தெரியாது. விழுந்தால் எங்கே போகும் என்று மட்டும்தான் தெரியும்.

பத்து மணிக்குக் கொடிமரத்தை நட ஆட்கள் கோவிலடியில் கூடினார்கள். நானும் போனேன். கணவர் என்னைப் பார்க்காதவர் மாதிரி நின்றார். சம்மாட்டியார், நாலு வள்ளமும் கரைவலையும் வைத்திருப்பவர், சபையின் தலைவர், கதிரையில் இருந்தார். பக்கத்தில் குருவானவர் நின்றார், நாங்கள் சுவாமி என்போம். அவர் எங்கள் பங்குக்கு வந்து ஆறு மாதம்தான், என்னைவிட வயது குறைவு. நான் சொன்னேன். என் குரல் எனக்கே மெலிதாகக் கேட்டது.

சம்மாட்டியார் கோபிக்கவில்லை. விரலை நீட்டி எண்ணினார். “பிள்ளை, இஞ்சயிருந்து தெருவுக்கு எத்தினை?”

“இருபத்திநாலு.”

“தெருவிலயிருந்து மேல?”

“இருபத்தாறு.”

“அப்ப அம்பது அடி போனால்தானே கம்பி. எங்கட மரம் முப்பத்தெட்டு. எப்பிடி முட்டும்?”

எல்லாரும் தலையாட்டினார்கள். ஒரு கணம் எனக்கே அவர் சொல்வது சரி போல இருந்தது. பயத்தில் தலை அப்படித்தான் வேலை செய்யும்.

“சம்மாட்டியார், நீங்கள் வீட்டிலயிருந்து கோவிலுக்கு வரேக்க சந்தியால சுத்தியோ வாறனீங்கள்?”

“இல்லை, வளவுக்குள்ளால குறுக்கால.”

“ஏன்?”

“கிட்ட.”

“விழுற மரமும் குறுக்காலதான் போகும். சந்திக்குப் போய்த் திரும்பாது. குறுக்குத் தூரம் முப்பத்தஞ்சு அடிதான்.”

சுவாமி படிக்கு வந்து, வெண்கட்டியில் எழுதியதைக் குனிந்து பார்த்தார். உதடு அசைய ஒவ்வொரு பெருக்கலையும் தானும் செய்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

“கம்பியின்ட உயரம் இருபத்தாறு எண்டு உங்களுக்கு நிச்சயமோ?”

அந்தக் கேள்விக்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். ஒரு மட்டைத் துண்டையும் பொத்தானையும் நம்பித்தான் இவ்வளவும். ஓம் என்று சொல்லி அது பிழையானால் இந்த ஊரில் நான் தலைநிமிர்ந்து நடக்க ஏலாது. இல்லை என்று சொன்னால் இருபது பேர்.

“ஒரு அடி முன்பின் இருக்கும், சுவாமி. அதுக்கு மேல பிழைக்காது. முன்னால பிழைச்சாலும் பின்னால பிழைச்சாலும் மரம் எட்டும்.”

சுவாமி மின்சார ஒபீசுக்குப் போன் எடுத்துப் பார்த்தார். சனிக்கிழமை, மணி அடித்துக்கொண்டே இருந்தது. திங்கட்கிழமை கடிதம் கொடுத்தால் கரண்டை நிறுத்தித் தருவார்கள், ஆனால் கொடியேற்றம் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். “எங்கட அப்பன் பாட்டன் காலத்தில இருந்து கொடியேற்றம் பின்போடேல்லை” என்றார் சம்மாட்டியார். அதிலும் பொய் இல்லை.

“அப்ப கிடங்கைக் கடல்ப் பக்கமாய்ப் பத்தடி தள்ளி வெட்டுவம்” என்றேன். அதையும் கணக்குப் பார்த்துத்தான் வந்திருந்தேன். முப்பத்திநாலும் இருபத்தாறும் என்றால் குறுக்கே நாற்பத்திரண்டே முக்காலுக்குக் கொஞ்சம் கூட. கிட்டத்தட்ட ஐந்தடி மிஞ்சும்.

“ரெண்டு நாள் வெட்டின கிடங்கு!” என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். “தெருவுக்குத் தெரியாது” என்றார் இன்னொருவர். “பொம்பிளையளின்ட பயத்துக்கெல்லாம்…” என்று ஒரு குரல் தொடங்கி, பாதியில் நின்றது. நின்றதற்குக் காரணம், என் கணவர் போய்க் கிடங்கு வெட்டுகிற அலவாங்கைத் தூக்கியிருந்தார். பத்தடி எண்ணி நடந்து, அலவாங்கை ஓங்கிக் கல்லில் குத்தினார். கொஞ்ச நேரம் அவர் ஒருவர்தான் குத்தினார். பிறகு மற்றவர்களும் வந்தார்கள்.

இருட்டும் மட்டும் வெட்டினார்கள். ஞாயிறு பூசைக்கு முன்னமும் வெட்டினார்கள். அந்த இடத்தில் கல் இன்னும் இறுக்கம். மூன்றடி போனது. அதற்குக் கீழே அலவாங்கு பட்டு நெருப்புத்தான் பறந்தது.

“மூண்டடி காணும். சுத்திவரக் கல்லடுக்கிச் சீமெந்து போடுவம்” என்றார் சம்மாட்டியார். நான் வாயைத் திறக்கவில்லை. ஏற்கெனவே கேட்டது போதும் என்று நினைத்தேன். அந்த ஓரடியைப் பற்றி அன்றைக்கு நான் கணக்குப் பார்க்கவே இல்லை. இன்றுவரை என்னை உறுத்துவது அதுதான்.

பூசை முடிந்ததும் நிமிர்த்தத் தொடங்கினார்கள். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று கடலிலிருந்து முற்றத்துக் குறுக்காகத் தெருவை நோக்கி அடித்துக்கொண்டிருந்தது. பெண்கள் எல்லாம் கோவில் விறாந்தையில் நின்றோம். கொடிமரத்தின் சிலுவைத் தலை மேற்கே கிடந்தது, அடி கிடங்கின் விளிம்பில், ஒரு பலகையில். தெருப் பக்கம் எட்டுப் பேர் நீளக் கயிற்றால் இழுத்து நிமிர்த்த வேண்டும். மேற்குப் பக்கம் ஐந்து பேர், அது அளவுக்கு மிஞ்சிப் போகாமல் பின்கயிற்றைப் பிடிக்க வேண்டும். மற்ற இரண்டு பக்கக் கயிறுகளிலும் மிச்சப் பேர். அடியில் நாலு பேர், கிடங்குக்குள் இறக்குவதற்கு. அந்த நாலு பேரில் என் கணவர் முன்னுக்கு நின்றார்.

“ஏலேலோ” போட்டு இழுத்தார்கள். தலை எழும்பியது. ஆள் உயரம், வாசல் உயரம், கோவில் கூரை உயரம். நான் செபம் சொல்ல முயன்றேன். அருள் நிறைந்த மரியே என்று தொடங்கினால் அடுத்த சொல் வரவில்லை. முப்பத்திநாலு, இருபத்தாறு, முப்பத்திநாலு, இருபத்தாறு என்றுதான் வாயில் வந்தது. உயரம் கிட்டத்தட்ட இருபத்தைந்துதான் என்றால்? தெருவோரத்தில் கோடு பிழையாகக் கீறியிருந்தால்? பக்கத்தில் நின்ற கணவரின் தங்கச்சி, “என்ன அண்ணி முணுமுணுக்கிறியள்?” என்று கேட்டாள்.

மரம் நேராக நின்றது. ஒரு மூச்சு நேரம் மிகவும் வடிவாக நின்றது. யாரோ கைதட்டினார்கள். “இறக்கு, இறக்கு” என்று கத்தினார்கள். அடி பலகையில் சிக்கிக்கொண்டு இறங்கவில்லை. அப்போது காற்று ஒரு தள்ளுத் தள்ளியது. மேற்கில் நின்றவர்களின் கயிறு திடீரென்று தளர்வதைக் கண்டேன். அறுந்ததா, உச்சியில் முடிச்சு அவிழ்ந்ததா என்று பிறகும் ஒருவருக்கும் தெரியவில்லை. ஐந்து பேரும் ஒன்றாய்ப் பின்பக்கமாக விழுந்தார்கள்.

மரம் தெருப் பக்கம் போனது.

மெதுவாகத்தான் தொடங்கியது. “விடுங்கோ! இரும்பை விடுங்கோ!” என்று ஒரு பெண் கத்தினாள். கத்தினது நான்தான் என்று பிறகு சொன்னார்கள். தெருப் பக்கத்து எட்டுப் பேரும் கயிற்றைப் போட்டுவிட்டு இரண்டு பக்கமும் சிதறினார்கள். அடியில் மூன்று பேர் பாய்ந்துவிட்டார்கள். என் கணவர் பாயவில்லை. அடி கிளம்பி ஆட்களை அடிக்காமல் இருக்க, குழாயைத் தோளால் அமத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு கையும் இரும்பில்.

சிலுவை கம்பியை நோக்கிச் சரிந்தது. அந்த இடத்தில் நான் கண்ணை மூடவில்லை. மூட வரவில்லை. சிலுவைக்கும் கம்பிக்கும் நடுவில் வானம் குறுகிக் குறுகி, ஒரு கதவளவு ஆகி, அதற்கு மேல் குறுகாமல், திரும்ப அகலத் தொடங்கியது. பிறகு இரும்பு தெருவில் விழுந்த சத்தம். தார் பெயர்ந்து தெறித்தது. சிலுவையின் ஒரு கை மடங்கிவிட்டது. மேலே மூன்று கம்பிகளும் சும்மா காற்றுக்கு ஆடிக்கொண்டு நின்றன.

நான் எதிர்பார்த்த அந்தத் துணி கிழிகிற சத்தம் வரவில்லை.

கணவர் குழாயை விட்டுவிட்டுத் தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோள் உரிந்து இரத்தம் வந்தது. அதைப் பார்க்கவில்லை, கைகளையேதான் பார்த்தார். பிறகு அண்ணாந்து கம்பியைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் என்னைத் தேடினார்.

ஊரில் எல்லாரும் அன்றைக்கு எனக்கு நன்றி சொன்னார்கள் என்று சொன்னால் அது முழு உண்மை இல்லை. சிலர் வந்து கையைப் பிடித்து அழுதார்கள், பின்கயிறு பிடித்த ஒருவருடைய மனைவி என் காலில் விழப் பார்த்தாள். ஆனால் மத்தியானத்துக்குள் இன்னொரு கதையும் வந்துவிட்டது. பழைய கிடங்கு நாலடி. அதன் விளிம்பு சரிவாக இருந்தது, அதில் நட்டிருந்தால் அடி சறுக்கி உடனே இறங்கியிருக்கும், மரம் விழுந்தே இருக்காது. இடம் மாற்றி, அவசரத்தில் மூன்றடியோடு விட்டதால்தான் இவ்வளவும். இதை எனக்கு நேரே சொன்னவர் சம்மாட்டியார்தான். கோபமாக இல்லை, கவலையாகச் சொன்னார்.

“நீ சொன்ன கணக்குச் சரி, பிள்ளை. ஆனா அங்கயே நட்டிருந்தால் விழுந்திருக்குமோ எண்டு ஒரு யோசினை.”

“எனக்கும் அதே யோசினைதான், சம்மாட்டியார்” என்றேன். அதற்கு எந்தத் தேற்றமும் இல்லை.

அன்று பின்னேரம் ஒரு வள்ளத்துப் பாய்மரத்தைக் கோவில் வாசலில் கட்டிக் கொடியேற்றினார்கள். நான் போகவில்லை. காய்ச்சல் காய்ந்தது. கணவர் குசினியில் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து தந்துவிட்டு, கட்டில் விளிம்பில் இருந்தார்.

“எவ்வளவு மிஞ்சினது?” என்று கேட்டார்.

“அஞ்சடிக்குக் கொஞ்சம் குறைவு.”

“பழைய கிடங்கெண்டால்?”

“மிஞ்சாது. ரெண்டரை அடி கூட.”

அவர் இரண்டு கையாலும் காற்றில் ஐந்தடியைக் காட்டிப் பார்த்தார். பிறகு இரண்டரை அடி. கரண்டைப் பற்றிய பகிடி அவர் வாயிலிருந்து அதற்குப் பிறகு வரவில்லை.

திங்கட்கிழமை கடிதம் கொடுக்க, செவ்வாய்க்கிழமை மின்சார ஒபீசிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அவர்களிடம் மடக்குகிற நீளத் தடி ஒன்று இருந்தது, கரண்ட் ஏறாத சாமான். கம்பியின் உயரத்தை அளந்து இருபத்தைந்தே முக்கால் அடி என்றார்கள். சுவாமி என்னைத் திரும்பிப் பார்த்தார். வயது கூடியவர் கிடங்கையும் கம்பியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இந்தக் கம்பிக்கு முட்டத் தேவையில்லை, கிட்டப் போனாலே காணும். எவ்வளவு கிட்டவெண்டு காத்தையும் ஈரத்தையும் பொறுத்தது” என்றார். ஐந்தடி என்று நான் துணிந்து சொன்னபோது இதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. கரண்டை நிறுத்திவிட்டு, கிடங்கை நாலடியாக்கி, மடங்கிய சிலுவையை நிமிர்த்தி, கொடிமரத்தை நட்டார்கள். சீமெந்து இறுகும்வரை இரண்டு நாள் கயிறு கட்டியிருந்தது.

அந்த வருடத் திருவிழா முடிந்து ஒரு மாதத்துக்குள் ஆட்கள் என்னைத் தேடி வரத் தொடங்கினார்கள். கூரைக்கு மேலே அன்ரனாக் குழாய் போடப்போகிறோம், வந்து பாருங்கோ. மாமரத்தைத் தறிக்கவேணும், எந்தப் பக்கம் விழுத்தினால் வீட்டில் படாது. ஏணி பத்தடி, சுவர் ஒன்பதடி, அடியை எவ்வளவு தள்ளி வைக்கலாம். நாடாவும் கொப்பியும் எடுத்துக்கொண்டு போவேன். அளப்பேன், பெருக்குவேன், கூட்டுவேன். ஆட்கள் நினைக்கிறார்கள், நான் பயம் தெளிந்துவிட்டேன் என்று. ஒவ்வொரு தரமும் வீட்டுக்கு வந்து திரும்பவும் ஒருமுறை பெருக்கிப் பார்க்காமல் படுக்க மாட்டேன் என்பது கணவருக்கு மட்டும்தான் தெரியும்.

போன கிழமை, நாலு வீடு தள்ளி இருக்கிற ஒரு அக்கா கூப்பிட்டா. அவவுக்குக் கணவர் இல்லை, மகளின் படிப்புக்கு இன்ரநெற் எடுக்கவேணும், வீட்டு மூலையில் இருபத்திரண்டு அடிக் குழாயில் அதற்கான பெட்டியைப் பூட்டினால்தான் சிக்னல் வரும் என்று பூட்ட வந்தவன் சொல்லியிருக்கிறான். நான் அளந்தேன். மூலையிலிருந்து கம்பிக்குக் கீழே இருபத்தெட்டடி. கம்பி இருபத்தாறு. குறுக்கே முப்பத்தெட்டு அடிக்கும் மேல். குழாய் எந்தப் பக்கம் விழுந்தாலும் பதினாறு அடி மிஞ்சும். கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றா. மகள் வாசலில் கையில் போனோடு நின்றாள்.

“என்ன மாதிரி? போடலாமோ?”

ஓம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அண்ணாந்து பார்த்தேன். சோளகம் அடித்துக்கொண்டிருந்தது, கம்பிகள் ஆடின.

“வேண்டாம் அக்கா” என்றேன். “வீட்டுக்குப் பின்னால, கிணத்தடிப் பக்கமாய்ப் போடுங்கோ.”

“அங்க சிக்னல் வராதெண்டு சொன்னவன்.”

“வராட்டிப் பரவாயில்லை.”

அவ ஒரு கேள்வியும் கேட்காமல் தலையாட்டினா. நான் சொன்னால் ஊரில் இப்போது கேட்கிறார்கள். அந்தப் பிள்ளை இன்றைக்கும் படிப்புக்காக மதிலில் ஏறி இருந்து சிக்னல் பிடிக்கிறாள். நான் தையல் மெசினில் இருந்து பார்த்தால் தெரியும். நாளைக்குப் போய்ச் சொல்லலாம், குழாயை மூலையிலேயே போடுங்கோ என்று. நாலு நாளாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கொப்பியைத் திறந்து அந்தக் கணக்கை மறுபடியும் பார்க்கிறேன். சரியாகத்தான் இருக்கிறது.